இரண்டு பேருக்குப் பதிவான மேசை

காது பரிசோதனை மையத்தில் ஒரு பெரியவருக்குக் காது கேட்கும் கருவி பொருத்திக்கொண்டிருந்தபோது தோழி குருவியின் அழைப்பு வந்தது. நெட்டை எடுக்கவில்லை. பெரியவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள்.

"வியாழக்கிழமை மத்தியானம் நீ என்கூட சாப்பிட வர்ற. பிரெஞ்சு ஹோட்டல். ஒயினும் உண்டு. சாக்குப்போக்கு சொல்லாத" என்றாள் குருவி.

"யாரு செலவு?"

"எங்க வீட்டுக்காரரு. பொறந்தநாள் பரிசு. நகை வேண்டாம், துணி வேண்டாம், நெட்டையோட உக்காந்து நிதானமா ஒருவேளை சாப்பிடணும்னு நான்தான் கேட்டேன்."

"அவரும் வர்றாரா?"

"இல்ல. நாம ரெண்டு பேரு மட்டும்."

பின்னாலிருந்து அவள் கணவரின் குரல் கேட்டது. "சிஸ்டருக்கு மீன் ஒத்துக்குமான்னு கேளு."

நெட்டை, குருவி என்பதெல்லாம் கல்லூரி விடுதியில் முதல் வாரமே வைத்த பட்டப்பெயர்கள். ஒருத்தி கதவு நிலையில் தலை இடித்துக்கொள்கிற உயரம், இன்னொருத்தி அவள் தோளுக்குக்கூட வரமாட்டாள். சாப்பாட்டு வரிசையில் இருவரும் சேர்ந்து நின்றால் பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நெட்டை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒற்றைப் படுக்கையறை வீடு, காது பரிசோதனை மைய வேலை, ஞாயிற்றுக்கிழமை நீச்சல் என்று அவள் பாட்டுக்கு இருந்தாள். குருவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். கல்யாணமான மறு வருடம் விட்டுவிட்டாள். பெரிய கட்டடங்களுக்கு ஏ.சி. அமைத்துக் கொடுக்கிற பொறியாளர் அவள் கணவர். குடிக்கிற பழக்கம் கிடையாது என்று சொல்ல முடியாது, ஆனால் அளவோடு. குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. தங்கமான மனுஷன் என்று சொந்தத்தில் எல்லோரும் சொன்னார்கள். "உனக்கு என்னடி குறை" என்று நெட்டையே பலமுறை சொல்லியிருக்கிறாள். அப்போதெல்லாம் குருவி பேச்சை மாற்றிவிடுவாள்.

வியாழக்கிழமை நெட்டை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு முதலிலேயே போய்ச் சேர்ந்தாள். தையல்கடைக்கும் பழைய புத்தகக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிய முகப்புள்ள உணவகம். உள்ளே ஏழெட்டு மேசைகள்தான். வெள்ளை விரிப்பு, மேசைக்கொரு சிறு பூச்சாடி, சுவரில் கறுத்துப்போன மரப்பலகை, அதில் வரிசையாகக் கண்ணாடிக் கோப்பைகள். தலைமயிரை ஒட்ட வெட்டி, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மாள்தான் பரிமாறினாள். பேர் சொன்னதும் ஜன்னலோர மேசையைக் காட்டினாள்.

"எல்லாம் முன்னாடியே சொல்லிட்டாங்க மேடம். வெங்காய சூப், அப்புறம் வெண்ணெயில வாட்டின மீன், சீஸ், கடைசியா கேரமல் கஸ்டர்டு. ஒயின்கூட அவங்களே தேர்ந்தெடுத்துட்டாங்க. பணமும் கட்டியாச்சு."

தேர்ந்தெடுக்க ஒன்றும் மிச்சமில்லாததால் மெனு அட்டைகூடக் கொடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கார் வந்து நின்றது. கணவர் இறங்கி வந்து கதவைத் திறந்து குருவியை இறக்கினார். கூடவே உள்ளே வந்தார். நெட்டைக்கு வணக்கம் சொன்னார், நாற்காலியை இழுத்துப் போட்டுக் குருவியை உட்காரவைத்தார். "இவங்களுக்கு ஜில் தண்ணி வேண்டாம், சாதாத் தண்ணி குடுங்க. சளி பிடிச்சுக்கும்" என்று பரிமாறும் அம்மாளிடம் சொன்னார். பிறகு கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். எந்த அறைக்குள் போனாலும் ஏ.சி. எங்கிருந்து வீசுகிறது என்று பார்ப்பது அவர் பழக்கம்.

"நல்லா என்ஜாய் பண்ணுங்க. அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் தெருமுனையில் திரும்புகிறவரை குருவி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த முதல் அரைமணி நேரத்தை நெட்டை உண்மையிலேயே அனுபவித்தாள். மேலே சீஸ் உருகிப் பொன்னிறமாகக் கட்டியிருந்த சூப்பைக் கரண்டியால் உடைத்தபோது எழுந்த ஆவியில் முகமே நனைந்தது. ஒயின் வெளிர் மஞ்சளாக, பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரிப் புளிப்பும் குளிர்ச்சியுமாக இருந்தது. வார நாளில் எல்லோரும் வேலையில் இருக்கும்போது வெள்ளைத் துணி போட்ட மேசையில் உட்கார்ந்து ஒயின் குடிப்பதே ஒரு திருட்டு சந்தோஷமாக இருந்தது. புதிதாகக் கருவி மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர் வீட்டுக்குள் நுழையும்போதே அதை அணைத்துவிடுகிறாராம், மனைவி வந்து மையத்தில் புகார் கொடுத்தாராம் என்று அவள் கதை சொன்னாள். குருவி சிரித்தாள். ஆனால் சூப்பை வழக்கத்துக்கு மாறாக அள்ளி அள்ளிக் குடித்தாள். ஒயினை உதட்டில் நனைத்ததோடு சரி.

கிண்ணம் காலியானதும் குருவி போனை மேசையில் வைத்தாள். கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றினாள். உடம்பின் துடிப்பை எல்லாம் அளக்கிற நவீனக் கடிகாரம்.

"இதைக் கட்டிக்கோ" என்றாள்.

"எதுக்கு?"

"கட்டிக்கோ, சொல்றேன். அரை நிமிஷத்துக்கு மேல கழட்டி வச்சா கழட்டிட்டேன்னு அவருக்குச் செய்தி போகும்."

நெட்டை கட்டிக்கொண்டாள். பட்டை கடைசி ஓட்டையில்தான் எட்டியது.

"ரெண்டு தெரு தள்ளி ரத்த வங்கி இருக்கு. லேபுக்கு ஆள் எடுக்கறாங்க. இப்ப எனக்கு இன்டர்வியூ. ஒரு மணி நேரத்துல வந்துடுவேன். அதுவரைக்கும் நீ இங்கயே இரு. நான் எங்க இருக்கேன்னு அவரு போன்ல ஒரு புள்ளி காட்டும். அந்தப் புள்ளி இங்கயே இருக்கணும்."

நெட்டைக்கு ஒயின் போதை பாதி இறங்கிவிட்டது. "இதுக்கு எதுக்குடி இவ்வளவு கூத்து? சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே. அவரு உன்னை அடிக்கவா போறாரு?"

"அடிக்க மாட்டாரு" என்றாள் குருவி. பையிலிருந்து தட்டையான செருப்பை எடுத்துக் கீழே போட்டுக் காலை மாற்றிக்கொண்டே பேசினாள். "போன வருஷம் ஒரு இன்டர்வியூவுக்குச் சொல்லிட்டுத்தான் போனேன். கூடவே வந்தாரு. என்னைக் கூப்பிட்டதும் அவரும் எந்திரிச்சு உள்ள வந்துட்டாரு. இவளுக்கு ரொம்ப நேரம் நின்னா கால் வலிக்கும், உக்காந்து செய்யற மாதிரி வேலை இருக்கான்னு கேட்டாரு. ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாரு. அவங்களும் மரியாதையா எங்க ரெண்டு பேரையும் அனுப்பி வச்சுட்டாங்க."

நெட்டை கையிலிருந்த கடிகாரப் பட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"மெசேஜ் வந்தா சரிங்கன்னு போடு. போன் அடிச்சா எடுக்காத. மீன் வந்ததும் ஒரு போட்டோ அனுப்பிடு, கேப்பாரு." போனைத் திறக்கும் எண்ணைச் சொன்னாள். அவர்கள் கல்யாண நாள். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நாப்கினை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டுப் போனாள். கதவு மூடியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், குருவி நடக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தாள்.

மீன் இரண்டு தட்டில் வந்தது. பரிமாறும் அம்மாள் காலி நாற்காலியைப் பார்த்தாள். "மேடம் வருவாங்களா? மூடி வைக்கட்டுமா?"

"வந்துடுவா. இருக்கட்டும்" என்றாள் நெட்டை.

மீனின் தோல் மொறுமொறுவென்றும் உள்ளே வெண்ணெய் போலவும் இருந்தது. இரண்டு வாய்க்கு மேல் அவளால் ரசிக்க முடியவில்லை. மேசையில் போன் அதிர்ந்தது. *சூப் சூடா இருந்துச்சா?* நெட்டை தட்டச்சு செய்தாள்: *சரிங்க.* அனுப்பிய பிறகுதான் கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லை என்று உறைத்தது. பதறிப்போய் *சூடா இருந்துச்சு* என்று அடுத்து ஒன்று போட்டாள். மேலே பழைய செய்திகள் தெரிந்தன. வலது பக்கம் குருவி எழுதியவை: வந்துட்டேன். சாப்பிட்டேன். சரிங்க. தூங்கப் போறேன். சரிங்க. நெட்டை அதற்கு மேல் தள்ளிப் பார்க்கவில்லை.

மீனைப் படமெடுத்து அனுப்பினாள். உடனே பதில். *ரெண்டு தட்டும் உன் பக்கமே இருக்கு?* தவறு புரிந்தது. *போட்டோவுக்காக* என்று எழுதினாள். *ஒயின் ரெண்டு கிளாஸ் போதும்.* *சரிங்க.* குடித்துக்கொண்டிருந்தது மூன்றாவது கோப்பை. ஒரு கணம் அதைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு தனக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லையே என்று கோபம் வந்து எடுத்து ஒரே மடக்காகக் குடித்தாள்.

அடுத்த செய்தி வந்தது. *உன் துடிப்பு நூத்தி நாலு காட்டுது. என்ன பண்ற?*

நெட்டை தன் மணிக்கட்டைப் பார்த்தாள். கடிகாரத்தில் ஒரு சிவப்பு இதயம் மினுக்கிக்கொண்டிருந்தது. இழுத்து மூச்சுவிட்டுப் பார்த்தாள். எண் குறையவில்லை, ஒன்று கூடியது. *சிரிச்சுட்டு இருக்கோம்* என்று எழுதினாள். போன் அடித்தது. எடுக்கவில்லை. நின்று, மறுபடியும் அடித்தது. பக்கத்து மேசையில் இருந்த வயதான தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். நாப்கினைப் போனின் மேல் போட்டாள். துணிக்கு அடியிலும் அது அடித்துக்கொண்டே இருந்தது.

எழுந்து போய்விடலாம் என்று ஒரு எண்ணம். போனால் புள்ளியும் கூடவே வரும். போனை விட்டுவிட்டுப் போனால் கடிகாரம் கையில் இருக்கிறது, கழற்றினால் செய்தி போகும். குருவிக்குச் சொல்லலாம் என்றால் குருவியின் போனே இங்கேதான் கிடக்கிறது. அரை நாள் விடுப்பு போட்டிருந்தாலும் சாயங்காலம் நெட்டைக்கு ஒரு சின்னப் பெண்ணின் பரிசோதனை மட்டும் இருந்தது. தன் போனை எடுத்து மையத்துக்குப் பேசி அதைத் தள்ளிவைக்கச் சொன்னாள். "எங்க இருக்கீங்க?" என்று கேட்டார்கள். "மாட்டிக்கிட்டேன்" என்றாள். வாகன நெரிசல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவள் நிமிர்ந்தபோது கணவர் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"பக்கத்துலதான் ஒரு கட்டடத்துல வேலை, எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சிரித்தார். நெற்றியில் வியர்வை இருந்தது. "இவ எங்க?"

நெட்டை இடது கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். "பாத்ரூம் போயிருக்கா."

"போனை வச்சுட்டா போனா?" குருவியின் நாற்காலியில் உட்கார்ந்தார். நாப்கினை விலக்கினார், போனை நேராக்கி வைத்தார். தொடாத மீனைப் பார்த்தார். "ஒண்ணுமே சாப்பிடலையே." உடனே அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "நெனச்சேன். ஏ.சி. நேரா இவ தலையில அடிக்குது. அதான் வயிறு கலக்கியிருக்கும்." பரிமாறும் அம்மாளைக் கூப்பிட்டு, மேசையை மாற்றித் தரச் சொன்னார். அவள் நெட்டையின் முகத்தைப் பார்த்தாள். மறுக்க ஒரு காரணமும் கிடைக்காமல் நெட்டை எழுந்தாள். தட்டு, கோப்பை, பூச்சாடி எல்லாம் உள்சுவர் ஓரமாக இடம்பெயர்ந்தன. இனி அவளுக்குத் தெரு தெரியாது.

"ஒரு வாய் ஒயின் சாப்பிடலாமா? பாட்டில்ல கொஞ்சந்தான் இருக்கு" என்றார் கணவர். தனக்குக் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டார். நெட்டைக்கு ஊற்றவில்லை. "நீங்க நிறைய சாப்பிட்டாச்சு சிஸ்டர், கண்ணு செவந்திருக்கு. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். தனியா இருக்கறவங்க கவனமா இருக்கணும்."

பேசிக்கொண்டே இருந்தார். அவள் வேலைக்குப் போகும் வழியில் ஒரு சுரங்கப்பாதை உண்டே, அதில் தனியாக நடக்கிறாளா என்று கேட்டார். நீச்சல்குளத் தண்ணீரில் என்ன மருந்து போடுகிறார்கள் என்று விசாரித்தார். வீட்டு ஜன்னலுக்குக் கம்பி போட்டாயிற்றா, கம்பி போடுகிறவன் எண் தரட்டுமா என்றார். ஒவ்வொன்றும் அக்கறையான கேள்வி. எதற்கும் கோபித்துக்கொள்ள முடியாது. பதில் சொல்லச் சொல்ல, தன் வீட்டுக்குள் அவர் ஒவ்வொரு அறையாக விளக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டே வருவது போல நெட்டைக்கு இருந்தது. கதவைச் சாத்தவும் வழி தெரியவில்லை.

தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "நூத்திப் பதினெட்டு. இவ்வளவு நேரம் பாத்ரூம்ல என்ன பண்றா? ஏங்க, உள்ள போய்க் கொஞ்சம் பாருங்களேன்" என்று பரிமாறும் அம்மாளிடம் சொன்னார்.

 அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சமையலறைக்குப் பக்கத்து நடைக்குள் போனாள். திரும்பி வந்தாள்.

"உள்ளதான் இருக்காங்க. கொஞ்ச நேரம் ஆகும்னு சொன்னாங்க."

அவள் கண்ணும் நெட்டையின் கண்ணும் ஒரு நொடிகூடச் சந்திக்கவில்லை. அவள் பக்கத்து மேசைக்கு ரொட்டி கொண்டுபோய்விட்டாள்.

அதனால் நிலைமை இன்னும் மோசமாயிற்று. குருவி உள்ளே முடியாமல் கிடக்கிறாள் என்பது இப்போது அவருக்கு உறுதி. எழுந்து நடைக்குப் போய், பெண்கள் கழிவறைக் கதவுக்கு வெளியே நின்றார். நெட்டையும் பின்னாலேயே போனாள். போய் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனால் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை.

அவர் விரல் முட்டியால் மெல்லத் தட்டினார். "ம்மா. என்னாச்சு? நான்தான்."

உள்ளே குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கிரீம் வேண்டாம்னு சொல்லியிருந்தேன், போட்டுட்டாங்களோ என்னவோ. பரவால்ல, நான் திட்ட மாட்டேன். கதவைத் தொற. வீட்டுக்குப் போயி ரசம் மாதிரி ஏதாவது சூடா குடிச்சுட்டுப் படுத்துக்கலாம்." கொஞ்சம் காத்திருந்தார். "எனக்குக் கோவமே இல்லம்மா. நான் எப்பயாவது உன்கிட்ட கோவப்பட்டிருக்கேனா?"

போனைப் பார்த்தார். "நூத்தி இருபத்தாறு. கேக்குதா? ஏறிட்டே போகுது. மூச்சை மெதுவா விடு. நான் எண்ணுறேன், நீ விடு. ஒண்ணு... ரெண்டு..."

அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற நெட்டை, தன்னையறியாமல் அவர் எண்ணிக்கைக்கு மூச்சுவிட்டாள். இரண்டு மூச்சு விட்ட பிறகுதான் செய்வது புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பாருங்க சிஸ்டர், குறையுது" என்று அவர் சந்தோஷமாகத் திரும்பினார்.

நடையின் மறுகோடியில் குருவி நின்றுகொண்டிருந்தாள். ஓடி வந்ததில் முடி கலைந்திருந்தது. முழங்கைவரை கை கழுவின ஈரம் இன்னும் காயவில்லை.

"நான் இங்க இருக்கேன்" என்றாள்.

கணவர் அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு மெதுவாக நெட்டையின் மணிக்கட்டைப் பார்த்தார்.  நெட்டை பட்டையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கையில் கையிலிருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது.

"அப்ப அந்த நூத்தி இருபத்தாறு உங்களோடதா?"

"ஆமாங்க."

"உங்களுக்கு பி.பி. பாத்து எவ்வளவு நாளாச்சு?"

"ரத்த வங்கியில இன்டர்வியூ போயிருந்தேன்" என்றாள் குருவி.  "நெட்டையை நான்தான் உக்காரச் சொன்னேன். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

அவர் முகம் சிவந்தது. யாருமில்லாத அறையோடு அவ்வளவு நேரம் கொஞ்சிப் பேசியது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கத்துவார் என்று நெட்டை எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்தாள். அவர் கடிகாரத்தைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

மூவரும் மேசைக்குத் திரும்பினார்கள். ஆறிப்போன மீனை அவர் சூடாக்கித் தரச் சொன்னார். குருவி வேண்டாம் என்று அப்படியே சாப்பிட ஆரம்பித்தாள். பசியோடு சாப்பிட்டாள். அவர் கேள்விகளைத் தொடங்கினார். எத்தனை மணிக்கு வேலை? யார் யார் இருப்பார்கள்? ஆம்பளைகளா? எந்த வழியாகப் போவது? ராத்திரி முறை உண்டா?

"சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே. நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

"வேண்டாம்னு சொல்ல மாட்டீங்க. சரின்னு சொல்லிட்டுக் கூட வருவீங்க" என்றாள் குருவி.

அவர் நெட்டையைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா சிஸ்டர், கூட வர்றது ஒரு குத்தமா?" நெட்டை சிரிக்கவில்லை. அவருக்கு அது சங்கடமாக இருந்தது. சமாளித்துக்கொண்டு மேலே போனார். "அந்த ரத்த வங்கிக்குக் குளிர் அறை போட்டதே எங்களுக்குத் தெரிஞ்சவங்கதான். ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன். உக்காந்து செய்யற மாதிரி..."

"சொல்லாதீங்க."

"நல்லதுக்குத்தானே..."

"சொன்னீங்கன்னா நான் போக மாட்டேன். வீட்டுலயும் சாப்பிட மாட்டேன்."

அவள் முள்கரண்டியைக் கீழே வைக்காமலேயே சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் மேசை விரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். சரி, போகலாம், கஸ்டர்டைப் பார்சல் வாங்கிக்கொள்ளலாம் என்றார். கஸ்டர்டைப் பார்சல் கட்டித் தருவதில்லை என்று பரிமாறும் அம்மாள் சொன்னாள். உண்மையோ பொய்யோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப நான் போய்க் காரை எடுத்துட்டு வாசலுக்கு வர்றேன். அதுக்குள்ள சாப்பிட்டுருங்க" என்று எழுந்தார். குருவியின் போனையும் எடுத்துக்கொண்டார், மறந்து வைத்துவிடுவாள் என்று.

அவர் வெளியே போனதும் நெட்டை குனிந்து பேசினாள். "சமையலறை வழியா பின்பக்கம் ஒரு கதவு இருக்கும். என் வீட்டுக்கு வந்துடு. நாளைக்கு யோசிக்கலாம்."

"உன் வீடு அவருக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்ன? நான் கதவைத் தொறக்க மாட்டேன்."

"கீழ நிப்பாரு. மழை பெஞ்சா நனைஞ்சுட்டு நிப்பாரு. நீயே பாவப்பட்டுக் குடை கொண்டுபோய்க் குடுப்ப." குருவி லேசாகச் சிரித்தாள். "அவரு கெட்டவரா இருந்தா என்னிக்கோ வந்திருப்பேன்டி. என்னன்னு சொல்லிட்டு வர்றது? எங்க அம்மாகிட்ட என்னன்னு சொல்றது? ஏ.சி. காத்து படாம பாத்துக்கறாருன்னா?"

கஸ்டர்டு வந்தது. தட்டில் நடுங்கிக்கொண்டு, மேலே பழுப்புப் பாகு வழிந்துகொண்டு. குருவி பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. இரண்டு கோப்பையிலும் பங்கிட்டாள்.

"வேலை என்னாச்சு?"

"ரத்த வகை பாக்கச் சொன்னாங்க. மூணு குழாய் குடுத்தாங்க. உள்ள போறவரைக்கும் கை ஆடிட்டே இருந்துச்சு. கையுறை மாட்டினதும் நின்னுடுச்சு. திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

"போவியா?"

"போவேன். கார்ல கொண்டுவந்து விடுவாரு. விடட்டும். லேபுக்குள்ள வெளி ஆள் வர முடியாது. செருப்பு, போன், வாட்ச் எல்லாத்தையும் வெளியவே வச்சுட்டுத்தான் போகணும். தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்..." சொல்லி முடிக்காமல் ஒரு வாய் கஸ்டர்டை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஒருமுறை ஹாரன் அடித்தது. குருவி இன்னொரு வாய் எடுத்தாள். அவர் மறுபடி அடிக்க மாட்டார், விளக்கை மினுக்கவிட்டுக் காத்திருப்பார் என்று சொன்னாள். நெட்டை எழுந்து ஜன்னல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், அப்படித்தான் இருந்தது. வண்டி நிறுத்தக்கூடாத இடம் அது. பின்னால் வந்த வண்டிகள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. குருவி கரண்டி நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிட்டாள். விடுதிக் காலத்தில் சனிக்கிழமை கிடைக்கிற ஐஸ்கிரீமைக்கூட அவள் இவ்வளவு மெதுவாகச் சாப்பிட்டதில்லை. நெட்டை ஒயினை வாயில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  அன்றைய விருந்தில் நிதானமாகச் சாப்பிட்டது என்றால் அந்தப் பத்து நிமிஷம்தான். பாகு முழுவதையும் வழித்து முடித்த பிறகே குருவி எழுந்தாள். பரிமாறும் அம்மாள் அருகில் வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விட்டுவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

கணவர் காருக்கு வெளியே வந்து கதவைத் திறந்து வைத்திருந்தார். நெட்டையையும் ஏறச் சொன்னார். அவள் நடந்து போவதாகச் சொல்லிவிட்டாள். இவ்வளவு ஒயினோடு வெயிலில் நடக்கலாமா என்றார். நெட்டை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

இரண்டு நாள் கழித்து அவர் போனில் கூப்பிட்டார். அன்றைக்கு எல்லாருக்கும் சங்கடமாகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். "மாசம் ஒருதரம் நாம மூணு பேரும் சேந்து சாப்பிடலாம் சிஸ்டர். அவளுக்கும் சந்தோஷமா இருக்கும். அதே ஹோட்டல்ல மேசை சொல்லிட்டேன். உள்பக்கமா."

"நான் வரலைங்க."

"அன்னைக்கு வேலை இருக்கா? உங்களுக்கு லீவு என்னிக்குன்னு சொல்லுங்க, மாத்திடறேன்."

ஞாயிறு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நெட்டை அதை விழுங்கினாள். "வேலையெல்லாம் இல்ல. எனக்கு வர இஷ்டமில்ல."

 காரணத்தோடு வருகிற மறுப்புகளுக்கெல்லாம் அவரிடம் ஒரு வழி இருந்தது. இதற்கு இல்லை.

"உடம்பு சரியில்லையா?" என்று கடைசியில் கேட்டார்.

"நல்லா இருக்கேன். வச்சிடறேங்க" என்று வைத்தாள். வைத்த பிறகும் வெகுநேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில், இதயத் துடிப்புக்கு எந்த டாக்டர் நல்லவர் என்று விலாசத்தோடு ஒரு செய்தி வந்திருந்தது.

குருவி திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். தொடர்ந்து போகிறாள். காலையில் காரில் வருகிறாள், மாலையில் காரில் போகிறாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரத்த வங்கி அலுவலகப் போனிலிருந்து சில நாள் நெட்டையைக் கூப்பிடுவாள். பெரிதாக ஒன்றும் பேசமாட்டாள். ரொட்டியைக் கடிக்கிற சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் நெட்டையும் தன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொள்வாள்.

"இன்னிக்கு எப்ப வர்றாரு?" என்று ஒருநாள் நெட்டை கேட்டாள்.

"நாலு மணிக்கே கார் வந்து நிக்கும். எங்க ஜன்னல்லேருந்து பாத்தா தெரியும்."

"உனக்கு வேலை எப்ப முடியும்?"

"நாலு மணிக்குத்தான்" என்றாள் குருவி. மென்று விழுங்கிவிட்டுத் தொடர்ந்தாள். "அவருகிட்ட அஞ்சரைன்னு சொல்லி வச்சிருக்கேன்."